வானம் நேரில் மிரட்டுகிறது, படத்தில் ஏன் செத்துக் கிடக்கிறது?

ஜூன் 2, இரவு 8.50 (கேள்வி)

நேற்று சாயங்காலம் வடக்கே ஒரு மேகம் எழும்பி நின்றது. மலை மாதிரி. ஓரமெல்லாம் தங்க முலாம். 16 எம்எம் லென்ஸில் முப்பது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நடுவில் ஒரு பஞ்சு உருண்டை, சுற்றிலும் வெளிறிப்போன வானம், கீழே நிலம் கன்னங்கரேல். இதற்கெல்லாம் பெரிய கேமரா வேண்டும், இல்லாவிட்டால் கணினியில் வானத்தையே மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். வேறு வழி இருக்கிறதா?

ஜூன் 2, இரவு 9.40

கேமராவில் கோளாறு இல்லை. லென்ஸைத்தான் தப்பாக எடுத்துப் போயிருக்கிறீர்கள். பெரிய வானம் என்றாலே எல்லாரும், அகலமாக அள்ளிக்கொள்ளும் வைட் லென்ஸை (எம்எம் எண் சின்னதாக இருப்பதை) மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். நானும் நாலைந்து வருஷம் அப்படித்தான் திரிந்தேன்.

கணக்கு சின்னதுதான். வெப்பமண்டலத்தில் நன்றாக வளர்ந்த இடிமேகத்தின் உச்சி 15 கி.மீ. உயரத்தைத் தொடும். அது உங்களிடமிருந்து 50 கி.மீ. தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 15-ஐ 50-ஆல் வகுத்தால் 0.3. லென்ஸின் எம்எம் எண்ணை இந்த 0.3-ஆல் பெருக்கினால், சென்சாரில் (கேமராவுக்குள் ஒளியைப் பதிவு செய்யும் தகட்டில்) மேகம் எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்கு விழும் என்று வந்துவிடும். 16 எம்எம் லென்ஸில் 5 மி.மீ.கூட வராது. பழைய ஃபிலிம் அளவுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரின் உயரம் 24 மி.மீ. ஆக, படத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பஞ்சு உருண்டை வராமல் வேறென்ன வரும்? 50 எம்எம் போட்டிருந்தால் 15 மி.மீ. வந்திருக்கும். 85 எம்எம் என்றால் மேகம் ஃபிரேமை முட்டிக்கொண்டு நிற்கும்.

இன்னொன்று, நேரில் நாம் பார்ப்பது மேகத்தை மட்டும்தான். சுற்றியிருக்கிற வெறும் வானத்தை மனசு தானாகக் கழித்துவிடுகிறது. லென்ஸுக்குக் கழிக்கத் தெரியாது.

நிலம் கருத்துப்போனதைப் பற்றி நாளைக்கு. தூக்கம் வருகிறது.

ஜூன் 3, காலை 6.15

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு ஒரே ஒரு ஆசைதான், எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலாக்கிவிட வேண்டும். ஃபிரேமில் பாதி இருண்ட நிலமாக இருந்தால் அதை வெளிச்சமாக்கப் பார்க்கும், மேகம் வெளுத்துப்போகும். ஃபிரேம் முழுக்க வெண்மேகம் என்றால் அதை அழுக்குத் துணியாக்கிவிடும். அதனால் மேகத்தின் வெயில் படும் ஓரத்தை, ஒரு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் அளந்து, காட்டுவதைவிட ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு), மிஞ்சிப்போனால் இரண்டு ஸ்டாப் கூட்டி வைப்பது என் வழக்கம். கேமரா கை வைக்காமல் தரும் ரா ஃபைலில்தான். கருத்துப்போன நிலத்தைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். வெளுத்துப் போன ஹைலைட் (பளிச்சென்ற பகுதி) போனதுதான்.

ஹிஸ்டோகிராமை, இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் கேமரா வரைபடத்தை, நம்பிக் கெட்ட கதை ஒன்று. ஒரு செவ்வானம், அடிவானத்தை ஒட்டி நெருப்பு மாதிரி எரிந்தது. ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தைத் தொடவேயில்லை. திருப்தியாக வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், சூரியனைச் சுற்றி அம்மைத் தழும்பு போல மஞ்சள் திட்டுகள். நான் பார்த்தது மூன்று நிறத்தையும் கலந்து காட்டும் ஹிஸ்டோகிராம். சிவப்பு மட்டும் தனியாக எப்போதோ நிரம்பி வழிந்திருக்கிறது. சிவப்பு ஓர் எல்லைக்கு மேல் ஏற முடியாமல் நின்றுவிட, பச்சை மட்டும் ஏறிக்கொண்டே போனால் ஆரஞ்சு மஞ்சளாகும். அன்றிலிருந்து மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும்படி வைத்திருக்கிறேன்.

ஜூன் 3, காலை 6.30

படத்தின் நிறத்தைச் சரிக்கட்டும் ஒயிட் பேலன்ஸ் மறந்துவிட்டது. ஆட்டோவில் வைக்காதீர்கள். வானம் சிவந்திருந்தால் ‘ஐயோ, சிவந்திருக்கிறதே’ என்று அது சரிசெய்யப் பார்க்கும். வெயில் சின்னத்தில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். ரா எடுத்தால் பிறகு மாற்றலாம், உண்மைதான். ஆனால் திரையில் வெளிறிப் பார்த்தால் அங்கேயே மனசு விட்டுப்போய்விடும், கேமராவை மூடி வைத்துவிடுவோம்.

ஜூன் 3, இரவு 10.05

முக்கியமானதைச் சொல்லாமல் லென்ஸையும் மீட்டரையும் பேசிக்கொண்டிருக்கிறேன். மேகத்துக்கு அடியில் போய் நிற்காதீர்கள்.

இருட்டிக்கொண்டு வந்தால் அந்தத் திசையிலேயே ஓடுவது ஒரு காலத்தில் என் பழக்கம். கிட்டே போகப் போக மிரட்டல் கூடும் என்று எண்ணம். போய்ச் சேர்ந்தால் தலைக்கு மேல் ஒரு சாம்பல் கூரை, அவ்வளவுதான். வீட்டுக்குள் நின்றுகொண்டு வீட்டின் முகப்பைப் படம் எடுக்கப் பார்ப்பது மாதிரி. இடிமேகத்தின் அழகு அதன் பக்கவாட்டில் இருக்கிறது. காலிஃபிளவர் மாதிரி குமிழ்ந்து ஏறும் தண்டு, மேலே கொல்லன் பட்டறைக்கல் போலப் பரந்து விரியும் தலை, கீழே கட்டையால் தட்டியது போன்ற தட்டை அடி, அதிலிருந்து தொங்கும் மழைத்தாரை. இவை நாலும் ஒரே ஃபிரேமில் வேண்டுமானால் 40, 50 கி.மீ. தள்ளி நிற்க வேண்டும். அதைவிடத் தள்ளியும் நிற்கலாம். தடையில்லாத சமவெளியில் காற்று தெளிவாக இருந்தால், 15 கி.மீ. உயர உச்சி 400 கி.மீ.க்கு அப்பாலிருந்துகூட எட்டிப் பார்க்கும். பூமியின் வளைவு அதுவரை மறைக்காது.

கேள்வி கேட்டவர் தற்செயலாகச் சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறார். லென்ஸ்தான் வீட்டில் இருந்துவிட்டது.

தள்ளி நிற்பதில் உயிருக்கும் லாபம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் விநாடியை எண்ணுங்கள். ஐந்து விநாடிக்கு ஒரு கிலோமீட்டர்.

ஜூன் 4, காலை 5.50

மேலே சொன்னது தப்பு. ஐந்து விநாடி ஒரு மைலுக்கு. கிலோமீட்டருக்கு மூன்று விநாடிதான். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது, மூன்றால் பெருக்கினால் ஆயிரத்துச் சொச்சம். நல்லவேளையாக என் தப்புக் கணக்கு இடியை உள்ளதைவிடக் கிட்டத்தில் காட்டும், யாரும் சாக மாட்டார்கள். இருந்தாலும் திருத்திக்கொள்ளுங்கள்.

எண்ணும்போது முப்பதுக்குள் இடி கேட்டுவிட்டால் மேகம் 10 கி.மீ.க்குள் வந்துவிட்டது. டிரைபாடை மடக்கிக்கொண்டு கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போய்விட வேண்டும், மரத்தடிக்கு அல்ல. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் வெளியே. மழை நின்றதும் ஓடி வருவதில்தான் மாட்டிக்கொள்கிறோம், ஏனென்றால் அப்போதுதான் வானம் அள்ளிக்கொண்டு போகும்.

ஜூன் 5, இரவு 11.20

‘மேகம் எல்லாம் சரியாக இருந்தது, சூரியன் விழுந்ததும் சிவக்கவே இல்லை, ஏன்?’ என்று கேட்டிருக்கிறார் இன்னொருவர். இந்த ஏமாற்றம் எனக்குப் பழக்கம். ஒரு மாசம் தினமும் போய் நின்று நாலு நாள்தான் சிவந்தது.

தலைக்கு மேலே 10 கி.மீ. உயரத்தில் கீற்று மேகம் இருக்கிறது. சூரியன் நமக்கு மறைந்த பிறகும் அதற்கு மறையவில்லை. அது உயரத்தில் இருப்பதால் பூமியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறது. சூரியன் அடிவானத்துக்குச் சுமார் மூன்று டிகிரி கீழே போகும்வரை அதன் அடிவயிற்றில் வெளிச்சம் படும். சூரியன் நேர்செங்குத்தாக இறங்கும் இடங்களில் இது 13 நிமிடம். துருவத்தை நோக்கிப் போகப் போகச் சூரியன் சாய்ந்து இறங்கும், நேரம் நீளும். 2 கி.மீ. உயரத்து மேகம் என்றால் ஆறு நிமிடத்தில் அணைந்துவிடும். அதனால்தான் முதலில் தாழ்ந்த மேகம் சிவந்து சாம்பலாகிறது, பிறகு மேலேயுள்ள கீற்றுகள் பற்றிக்கொள்கின்றன. முதல் ஆட்டம் முடிந்ததும் பையைக் கட்டுகிறவர்கள் இரண்டாவதைக் கோட்டை விடுகிறார்கள்.

கேள்விக்கு வருகிறேன். அந்தக் கடைசி வெளிச்சம் எங்கேயிருந்து வருகிறது? மேற்கே பூமியை உரசிக்கொண்டு வருகிறது. அந்த உரசும் இடம் நம்மிடமிருந்து 350 கி.மீ. தள்ளி. அங்கே, நம் கண்ணுக்கே எட்டாத தூரத்தில், ஒரு மேகக் கூட்டம் நின்றால் போதும், வழி அடைபட்டுவிடும். இங்கே தலைக்கு மேல் எத்தனை அழகான கீற்று இருந்தும் பயனில்லை. இப்போதெல்லாம் கிளம்பும் முன் செயற்கைக்கோள் படத்தில் மேற்கே முந்நூறு, நானூறு கி.மீ. தூரத்தில் ஓர் இடைவெளி தெரிகிறதா என்றுதான் பார்க்கிறேன். இங்கே மூட்டம், அங்கே இடைவெளி என்றால் செருப்பை மாட்டிக்கொள்ளலாம்.

இடைவெளி இருந்தும் ஏமாந்ததுண்டு. இடைவெளி இல்லாமல் சிவந்ததை மட்டும் பார்த்ததில்லை.

ஜூன் 7, மாலை 4.10

கீழே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து வேலை மாறுகிறது.

கடல்: அடிவானம் கோடு போட்டது போல நேர். மேல்பாதி மட்டும் கருத்த கிராஜுவேட்டட் ஃபில்டர் ஒழுங்காக வேலை செய்யும் ஒரே இடம் இதுதான். ஈர மணலில் வானம் விழுந்தால் அந்தப் பிம்பம் வானத்தைவிட ஓரிரண்டு ஸ்டாப் இருட்டாகத்தான் இருக்கும். ஆர்வத்தில் ஃபில்டரை அழுத்தமாகப் போட்டு வானத்தைவிடப் பிம்பம் பளிச்சென்று வரும்படி செய்தால், பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ பொய் என்பது மட்டும் தெரிந்துவிடும். நான் செய்திருக்கிறேன். பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியும் வைத்திருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் அதன் முன்னால் ஒரு நொடி நின்று, ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார்கள்.

மலை: அதே ஃபில்டர் இங்கே சிகரத்தின் தலையைக் கரியாக்கிவிடும். டிரைபாடில் வைத்து வெவ்வேறு எக்ஸ்போஷரில் (உள்ளே விடும் ஒளியின் அளவில்) மூன்று எடுத்துச் சேர்ப்பதுதான் வழி. மேகம் அதற்குள் நகர்ந்துவிடும் என்பார்கள். நகரட்டும். வானத்தை ஒரே படத்திலிருந்து எடுங்கள், நிலத்தை மட்டும் இன்னொன்றிலிருந்து. மலையில் இன்னொரு வேடிக்கை, தட்டை வில்லை மாதிரி சிகரத்தின் மேல் நிற்கும் மேகம். லென்டிகுலர் என்பார்கள். மணிக்கணக்காக அசையாமல் நிற்கும், ஆனால் அதற்குள்ளே காற்று பாய்ந்துகொண்டே இருக்கும். மலையில் மோதி மேலேறும் காற்று குளிர்ந்து முன்விளிம்பில் மேகமாகிறது, இறங்கும்போது பின்விளிம்பில் கரைந்துபோகிறது. அருவி நிற்கிறது, தண்ணீர் ஓடுகிறது, அந்த மாதிரி. லென்ஸ், லென்டிகுலர் இரண்டுமே பருப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. பருப்பைக் கொண்டு பருப்பைப் படம் எடுக்கிறோம்.

சமவெளி: ஒரே ஒரு மரமோ, கம்பமோ, கூரையோ வேண்டும். இல்லாவிட்டால் வானத்துக்கு அளவே தெரியாது. அடிவானத்தை ஃபிரேமின் அடிமட்டத்துக்கு, பத்தில் ஒரு பங்குக்கு இறக்கிவிடுங்கள். நடுவில் வைத்தால் வானமும் இல்லை, பூமியும் இல்லை.

ஊருக்குள் எடுப்பதைப் பற்றிச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. கம்பி. எங்கே பார்த்தாலும் கம்பி.

ஜூன் 8, காலை 7.00

லென்ஸின் முன்னால் மாட்டித் திருகும் போலரைசர் ஃபில்டர் பற்றி இரண்டு பேர் சண்டை, மேகம் எடுப்பாக வரும் என்று ஒருவர், வானத்தில் பட்டை விழும் என்று இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் சரிதான்.

நீல வானத்தின் ஒளியில் ஒரு பங்கு ஒரு தளத்தில் அதிர்கிறது, சூரியனுக்கு 90 டிகிரி விலகிய திசையில் அது அதிகம். மேகத்துக்குள் நீர்த்துளிகளில் பலமுறை பட்டுச் சிதறி வரும் ஒளிக்கு அந்த ஒழுங்கு கிடையாது. ஃபில்டரைத் திருகினால் நீலம் மட்டும் இருளும், மேகம் அப்படியே நிற்கும், அதனால் எடுப்பாகத் தெரியும். சுட்டுவிரலைச் சூரியனுக்கு நேரே நீட்டிக் கட்டைவிரலை விரித்து, கையைச் சுழற்றிப் பாருங்கள். கட்டைவிரல் காட்டும் திசையெல்லாம் போலரைசர் நன்றாகப் பிடிக்கும் வட்டாரம். சூரியனைப் பார்த்தோ முதுகு காட்டியோ நின்றால் கண்ணாடி வீண்.

வைட் லென்ஸில் போட்டால் வானத்தின் நடுவில் மட்டும் மை கொட்டிய மாதிரி ஒரு பட்டை வரும், ஏனென்றால் ஃபிரேமே 90 டிகிரியைத் தாண்டி விரிகிறது. பட்டையைப் பிறகு சரிசெய்யலாம் என்கிறவர்கள் செய்து பார்த்திருக்க மாட்டார்கள்.

ஜூன் 8, இரவு 9.30

மூட்டமான நாளில் போலரைசரே வேண்டாம் என்று காலையில் எழுத நினைத்திருந்தேன், எழுதாதது நல்லதாயிற்று. வானத்துக்கு வேண்டாம்தான். கீழே ஈர இலை, பாறை, குளத்து நீர் இவற்றின் மினுமினுப்பை அது எடுத்துவிடுகிறது. பச்சை பச்சையாகத் தெரிகிறது. இன்று மழைக்கு நடுவில் முயன்று பார்த்தேன். ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் போனது, சட்டையும் நனைந்தது.

ஜூன் 10, காலை 8.45

வைட் லென்ஸைத் திட்டியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று மழைக்குச் சற்று முன், வடமேற்கே ஒரு கரிய வளைவு தெரிந்தது. ஷெல்ஃப் மேகம். இடிமேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று தரையில் பரவி, முன்னாலிருக்கும் வெப்பக்காற்றை ஆப்பு வைத்தது போல மேலே நெம்பும்போது, அதன் முகப்பில் அலமாரித் தட்டு மாதிரி அடுக்கடுக்காக உண்டாவது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீண்டு கிடந்தது. என் கையில் 85. எதைப் பார்த்தாலும் ஒரு துண்டு இருட்டு. பையில் 20 எம்எம் கிடந்தது. மாற்றுவதற்குள் காற்று அறைந்தது, பொடிமண் கேமராவுக்குள் போனது. நாலே படம். நாலாவதில் மழைத்துளி.

அந்த நாலில் இரண்டாவது, இந்த வருஷம் நான் எடுத்ததில் நல்லது.

அப்படியானால் விதி என்ன? நின்று வளரும் மேகத்துக்கு நீள லென்ஸும் தூரமும். நம்மை நோக்கி வரும் மேகத்துக்கு வைட் லென்ஸ், கூடவே பின்னால் திறந்திருக்கும் கதவு.

ஜூன் 10, மதியம் 1.15

சென்சாரைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன். அபெர்ச்சரை (லென்ஸின் ஒளித் துளையை) எஃப் 16 என்ற சின்ன அளவுக்கு மூடி வெறும் வானத்தை எடுத்துப் பாருங்கள், உள்ளே எத்தனை தூசி குடியிருக்கிறது என்று தெரியும். எனக்கு இருபத்து மூன்று. எண்ணினேன்.

ஜூன் 11, இரவு 10.50

வானத்தையே மாற்றிக்கொள்ளலாமே என்று முதலிலேயே கேட்டிருந்தீர்கள். நான் நழுவிக்கொண்டே வந்தேன்.

போட்டோஷாப்பில் 2020 அக்டோபரில் ஒரே சொடுக்கில் வானத்தை மாற்றும் வசதி வந்துவிட்டது. அது பாவம், ஏமாற்று என்றெல்லாம் கத்துவதற்கு முன் ஒரு விஷயம். இந்த வேலை 1850-களிலேயே நடந்திருக்கிறது. அந்தக் காலத்தில் ஃபிலிமுக்குப் பதிலாக இருந்த கொலோடியன் பூசிய கண்ணாடித் தகடுகள் நீலத்துக்கு அளவு மீறி மயங்கும். கடலுக்குப் போதுமான எக்ஸ்போஷர் கொடுத்தால் வானம் மேகத்தோடு சேர்ந்து வெளுத்துவிடும். கஸ்டாவ் லெ க்ரே என்ற பிரெஞ்சுக்காரர் 1856, 57-இல் கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று எனத் தனித்தனி நெகட்டிவ் எடுத்து, அடிவானத்தில் ஒட்டுச் சேர்த்து அச்சிட்டார். ஒட்டு எங்கே விழ வேண்டும் என்பதைக் கடலே கோடு போட்டுக் காட்டிவிட்டது.

நானும் ஒருமுறை மாற்றினேன். வெளுத்த மதியத்து வானத்தை எடுத்துவிட்டு, வேறொரு நாள் எடுத்த கொந்தளிக்கும் மேகத்தைப் போட்டேன். பாராட்டு குவிந்தது. ஒரு பத்து வயசுப் பையன் மட்டும், ‘வெளிச்சம் அந்தப் பக்கமிருந்து வருதே, மரத்து நிழலும் ஏன் அதே பக்கம் விழுது?’ என்று கேட்டான். படத்தை எடுத்துவிட்டேன்.

இப்போது என் கட்சி இது: அதே இடம், அதே மாலை, எக்ஸ்போஷர் மட்டும் வேறு என்றால் சேர்ப்பேன். வேறு நாளின் வானம் என்றால் இல்லை. அறம் கிறம் ஒன்றுமில்லை. அந்த நிலத்தில் விழுந்திருக்கும் வெளிச்சம் அந்த வானத்திலிருந்து வந்தது. வானத்தை மாற்றினால் ஒவ்வொரு புல்லிலும் போய் வெளிச்சத்தை மாற்ற வேண்டும், அத்தனை பொறுமை எனக்கில்லை.

ஜூன் 12, காலை 6.40

‘நிலமே இல்லாமல் வெறும் மேகத்தை எடுத்தால் என்ன?’ எடுக்கலாம். ஆல்ஃப்ரட் ஸ்டீக்லிட்ஸ் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 1922-இல் நியூயார்க் மாநிலத்து லேக் ஜார்ஜில் மேகத்தை எடுக்கத் தொடங்கி, பத்து வருஷத்துக்கு மேல் விடாமல் எடுத்தார். பெரும்பாலானவற்றில் அடிவானம் கிடையாது. எது மேல், எது கீழ் என்றே தெரியாது. ‘ஈக்விவலன்ட்ஸ்’ என்று பெயர் வைத்தார், தன் மனநிலைக்கு ஈடு என்ற பொருளில். அச்சு உள்ளங்கை அளவுதான். நாம் வானம் என்றால் சுவரளவு அச்சடிக்கப் பார்க்கிறோம்.

நானும் முயன்றேன். என் மனநிலைக்கு ஈடாக வந்ததெல்லாம் வெறும் மூட்டம்.

இதற்கு எதிர்ப்பக்கம் இன்னோர் அமெரிக்கப் புகைப்படக்காரர், ஆன்சல் ஆடம்ஸ். நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர்மேல் நிலா எழும் படம். லைட் மீட்டர் கைக்குக் கிடைக்கவில்லை. நிலாவின் ஒளி அளவு நினைவில் இருந்ததால் அதை வைத்தே எக்ஸ்போஷரைக் கணக்கிட்டார். எந்தத் தேதி என்று மட்டும் அவருக்கு நினைவில்லை. பிற்பாடு வானியலாளர் ஒருவர் நிலா நின்ற இடத்தைக் கணக்கிட்டு 1941 நவம்பர் 1 என்றார். எனக்குச் சுவாரசியம் வேறு. அவர் முதலில் போட்ட அச்சுகளில் நிலாவுக்கு மேலுள்ள வானத்தில் மெல்லிய மேகங்கள் தெரியும். வருஷம் போகப் போக வானத்தை இருட்டாக்கிக்கொண்டே வந்தார், கடைசியில் மேல்வானம் ஏறக்குறையக் கருப்பு. மேகத்தை எடுப்பதில் தேர்ந்த ஆள், இருந்த மேகத்தை அச்சில் அணைத்துவிட்டார். எத்தனை மேகம் இருந்தால் போதும் என்பதும் ஒரு கேள்விதான் போலிருக்கிறது.

ஜூன் 14, இரவு 9.00

பெயர்கள் தெரிந்திருந்தால் படம் நன்றாக வருமா என்று ஒருவர் கிண்டல். வரும். 1802-இல் லூக் ஹோவர்ட் என்ற லண்டன் மருந்து வியாபாரி மேகங்களுக்கு லத்தீனில் பெயர் வைத்தார், சிர்ரஸ் (கீற்று), கியூமுலஸ் (குவியல்), ஸ்ட்ராட்டஸ் (விரிப்பு), நிம்பஸ் (மழைமேகம்) என்று. பெயர் வடிவத்தைச் சொல்லும், வடிவத்தை வைத்து உயரத்தை ஊகிக்கலாம். உயரம் தெரிந்தால் எப்போது சிவக்கும், எப்போது அணையும் என்று தெரியும், ஜூன் 5-இல் போட்ட கணக்கு. நம் பழைய சொற்கள் வேறு வழியில் போகின்றன. நீரைக் கொண்டிருப்பது கொண்டல், எழுந்து வருவது எழிலி. பெயரிலேயே நடப்பு இருக்கிறது. காலையில் எழிலியாக எழுவது பிற்பகலில் கொண்டலாகும், படம் எடுக்கிறவனுக்கு வேண்டிய நேர அட்டவணை அதுதான்.

சின்னதாக ஒரு கணக்கு. காற்றின் வெப்பநிலையிலிருந்து பனிநிலையை (காற்றிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலையை) கழித்து 125-ஆல் பெருக்கினால், குவிமேகத்தின் அடி எத்தனை மீட்டர் உயரத்தில் நிற்கும் என்று ஏறக்குறைய வந்துவிடும். 32 டிகிரி, 22 டிகிரி என்றால் 1,250 மீட்டர். எல்லாக் குவிமேகத்துக்கும் அடி ஒரே மட்டத்தில் தட்டையாக இருப்பது அதனால்தான்.

ஜூன் 15, மாலை 6.50

இன்று நடந்தது. மேட்டின் மேல் நின்றேன். எதிரே சரிவு, சரிவின் நடுவில் ஒற்றை மரம். வானம் முழுக்கக் குவிமேகம், நிழல்கள் சரிவில் ஊர்ந்துகொண்டிருந்தன. எனக்கு வேண்டியது மரத்தின் மேல் மட்டும் வெயில், சுற்றிலும் நிழல், பின்னால் கருத்த வானம்.

ஒரு மணி நாற்பது நிமிடம். மரத்துக்கு வலப்பக்கம் வெயில் விழும், மரத்தை நெருங்கும், நெருங்கியதும் மூடிக்கொள்ளும். நிழலின் வேகத்தை எண்ணிப் பார்த்தேன். காற்று விநாடிக்குப் பத்து மீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டர் அகல நிழல் கடக்க நூறு விநாடி. அதையே மனசில் ஓட்டிக்கொண்டு, வெயில் பாறையைத் தொட்டதும் நாற்பதிலிருந்து கீழே எண்ணத் தொடங்கினேன். பன்னிரண்டு என்னும்போது மரத்தின் வலது கிளை பற்றியது. அப்புறம் தண்டு. அப்புறம் முழு மரமும் வத்திக்குச்சி மாதிரி. பின்னால் வானம் ஈரக் கரும்பலகை நிறம். மூன்று முறை அழுத்தினேன், அணைந்துவிட்டது.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தபோது, வானத்தைப் படம் எடுப்பது என்றால் மேகத்தை எடுப்பது என்றுதான் பேசி வந்திருக்கிறேன். இன்றைய மூன்று படத்திலும் மேகத்துக்கு ஒரு வடிவமும் இல்லை, வெறும் இருட்டு. மேகத்தில் இருந்த ஓட்டைதான் படம். ஜூன் 7-இல் ‘அளவு தெரிய ஒரு மரம் வேண்டும்’ என்று எழுதியதும் பாதிதான். வெளிச்சம் வந்து உட்காரவும் ஓர் இடம் வேண்டுமே.

ஜூன் 19, மாலை 5.20

செயற்கைக்கோள் படத்தில் மேற்கே அழகாக ஓர் இடைவெளி. தலைக்கு மேலே கீற்று மேகம். கிளம்புகிறேன்.

ஜூன் 19, இரவு 8.40

மேற்கில் ஒன்றும் நடக்கவில்லை. லேசாக ஒரு இளஞ்சிவப்பு, அதுவும் உடனே போய்விட்டது. பையைக் கட்டிக்கொண்டு திரும்பினால் கிழக்கே, அறுபது, எழுபது கி.மீ. தள்ளி, தனியாக ஓர் இடிமேகம். உச்சி முழுக்கக் காவி நிறம், அடி கருநீலம், உள்ளுக்குள் மின்னல் விளக்குப் போட்டுப் போட்டு அணைக்கிறது. சத்தமே இல்லை. பத்து நிமிடம் நின்றது.

செவ்வானத்துக்குத்தானே என்று 20 எம்எம் மட்டும் எடுத்துப் போயிருந்தேன். 85 மேசை மேல் இருக்கிறது, இப்போதும் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். முப்பது படம் எடுத்தேன். எல்லாவற்றிலும் நடுவில் ஒரு பஞ்சு உருண்டை.